அரைக்கண்ணுக்கு நாலு ஸ்டார்

யூனுஸ் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் தூங்குகிறான் என்று மெஷின் சொன்னது. அவனியாபுரம் பைபாஸில் போய்க்கொண்டிருந்தோம். லாரியின் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, அலைன்மென்ட் பார்க்காமல் லோடு ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வண்டியைப் பட்டறைக்குத் திருப்பியிருந்தான். பட்டறைக்காரனைத் தனியாக விட்டால் வேண்டாத வேலையெல்லாம் பார்த்துவைப்பான் என்று நானும் கூட ஏறிக்கொண்டேன். எனக்கு இருக்கிற வண்டிகளைக் கை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நானே அலைய வேண்டியிருக்கிறது.

"போன மாசந்தானடா அலைன்மென்ட் பாத்தோம்" என்றேன்.

"போன மாசம் குளிச்சோம்னு இந்த மாசம் குளிக்காம இருப்பீகளாண்ணே?"

அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த கறுப்பு டப்பா கீச்சுக்கீச்சென்று அலறியது. சிவப்பு லைட் விட்டுவிட்டு எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை இங்கிலீசில் என்னவோ சொன்னாள்.

"என்னடா சொல்றா?"

"நான் தூங்குறனாம்."

"இம்புட்டுக் கத்து கத்துற, தூங்குறயாமா?"

"அவளுக்குக் காது இல்லண்ணே. கண்ணு மட்டுந்தேன்."

யூனுஸின் இடது கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நெல்பேட்டைச் சந்தில் கிட்டிப்புள் விளையாடியபோது புள் பறந்து வந்து புருவத்துக்குக் கீழே அடித்துவிட்டது. காயம் ஆறியது, இமை மட்டும் அதற்குப் பிறகு முழுசாக மேலே ஏறவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கடைக்காரன் உட்கார்ந்திருப்பானே, அந்த மாதிரி இருக்கும். பார்வைக்கு ஒரு குறையும் கிடையாது. லாரிக்காரர்களுக்குள் அவனுக்கு அரைக்கண்ணு யூனுஸ் என்றுதான் பெயர். செக்போஸ்ட்டில் புதிதாக வந்த போலீஸ்காரன் அவனைப் பார்த்ததும் இறங்கச் சொல்லி ஊதச் சொல்லுவான். "நான் குடிக்க மாட்டேன் சார், கண்ணு மட்டும் எனக்குத் தெரியாம எங்கயோ போய்க் குடிச்சிட்டு வந்திருச்சு" என்பான் யூனுஸ். போலீஸ்காரன் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவான். மெஷின் சிரிக்கவில்லை. அது அந்த நிமிஷமே படம் பிடித்து எங்கேயோ அனுப்பிவிட்டது.

அனுப்பிய இடம் சோப்புக் கம்பெனி. எங்கள் வண்டிகள் அவர்கள் சரக்கைத்தான் ஏற்றுகின்றன. ரிங் ரோடு குடோனில் ஏற்றித் திருச்சி குடோனில் இறக்க வேண்டும். வெளி லோடுக்குப் புரோக்கர் வாசலில் போய் நின்றால் வண்டி ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். அந்தக் கம்பெனிக்காரர்கள் இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். லோடு அடிக்கிற டிரான்ஸ்போர்ட்காரர்கள் எல்லாருக்கும் ஸ்டார் போடுவார்களாம். வேகம், பிரேக், பெல்ட், தூக்கம், போன் எல்லாவற்றையும் இந்த மெஷின் பார்த்துச் சொல்லுமாம். தை பிறந்தால் மூன்று ஸ்டாருக்குக் குறைந்தவனுக்கு லோடு கிடையாது. ஸ்டார் என்றால் எனக்குத் தெரிந்தது போலீஸ்காரன் தோளில் இருப்பதுதான். அது இருந்த இடத்தில் எனக்கு நல்லது ஒன்றும் நடந்ததில்லை.

ஆபீசைப் பார்த்துக்கொள்வது என் மருமகள் தமிழ்ச்செல்வி. மகன் முத்துக்குமரன் சிங்கப்பூரில் இருக்கிறான். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. கையெழுத்துப் போடுவேன், எழுத்துக்கூட்டிச் சாமி பெயரைப் படிப்பேன், அவ்வளவுதான். அவள் பிகாம் படித்தவள். ஸ்டார் என்றதும் நான் அந்தக் கம்பெனியையே வைத அன்று, அவள் ஒரு வார்த்தை பேசாமல் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு ட்ரிப் முடித்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழாமல் அடுத்த ட்ரிப் ஏறக் கூடாது என்றாள். வண்டியில் போனை எடுத்தால் வண்டியை விட்டு இறங்கிவிடு என்றாள். நான் ஓட்டின காலத்தில் இதெல்லாம் கிடையாது. அந்தக் காலத்தில் நாங்கள் நன்றாகத்தான் ஓட்டினோம் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் செத்துப்போனவனைக் கேட்காமல் பேசுகிறவர்கள். என்னோடு ஓட்டினவர்களில் பாதிப்பேர் படுக்கையில் சாகவில்லை.

மெஷின் வந்த புதிதில் எங்கள் ஆட்கள் அதற்கு மாமியா என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் அழகுபாண்டி. "என் மாமியாளும் இப்புடித்தேன், பேச மாட்டா, முழுச்சுப் பாத்துக்கிட்டே இருந்துட்டு எம் பொண்டாட்டி மீனாட்டப் போய் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவா" என்றான். ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல வண்டிகளைக் கழுவி வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங், ஹாரன், கண்ணாடி, டயர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மாமியாளும் வண்டியில் ஒரு உறுப்புத்தானே என்று அதற்கும் வைத்தான் அழகுபாண்டி. சும்மா ஓரமாக வைக்கவில்லை. நெற்றி எது என்று தேடிப் பார்த்து, நட்ட நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதன்மேல் கட்டைவிரலால் நன்றாக அப்பினான். எல்லா வண்டிக்கும் அப்படியே. பூஜை முடிந்து வண்டிகள் கிளம்பியபின் கம்பெனியிலிருந்து பீமாராவ் போன் பண்ணினார். அவர்தான் ஸ்டார் போடுகிற அதிகாரி. மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது. உங்கள் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து பேசிவைத்துக் கேமராவை மறைத்துவிட்டார்கள் என்றார்.

"மறைக்கல சார். கும்பிட்டிருக்காங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

கும்பிட்டதற்குக் கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம். ஒரு ஸ்டார் போய், இரண்டுதான் மிச்சம்.

மெஷினால் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மேலூர்ப் பக்கம் அழகுபாண்டி ஒரு கண்டெய்னர் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறான். போனில் மீனாவோடு பேச்சு. முன்னால் போனவன் பிரேக் அடித்ததை இவன் பார்க்கவில்லை. மாமியா அலறியதால் நிமிர்ந்து மிதித்தான். ரோட்டைப் பார்க்கிற கண் ஒன்றும் அதற்கு முன்பக்கம் உண்டு, அது பிடித்த படத்தைத் தமிழ்ச்செல்வி போட்டுக் காட்டினாள். கண்டெய்னரின் பின் கதவு அப்படியே கண்ணாடி முழுக்க வந்து நின்றது, கதவில் இருந்த துருப்புள்ளி வரைக்கும் தெரிந்தது. பார்த்தபின் நான் மெஷினைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

அதன்பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரியானார்கள். யூனுஸ் ஒருவனால்தான் ஸ்டார் ஏறவில்லை. வெயில் முகத்தில் பட்டுக் கண்ணைச் சுருக்கினால் போதும், அலறல்தான். கம்ப்யூட்டரில் அவன் வண்டி போன பாதையெல்லாம் சிவப்புப் புள்ளி. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. தமிழ்ச்செல்வி சும்மா இருக்கவில்லை. அவனைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பார்வை சுத்தமாக இருக்கிறது, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதை அனுப்பிவைத்தாள். பேப்பர் சரிதாம்மா, ஆனால் சிஸ்டம் பேப்பரைப் பார்க்காது, முகத்தைத்தான் பார்க்கும் என்றார் பீமாராவ். மெஷின் மாட்டினவர்களை வரவழைத்தாள். அவர்கள் என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் குறைத்தால் நிஜமாகவே தூங்குகிறவனையும் இது விட்டுவிடும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். கடைசியில் பீமாராவே வழி சொன்னார். ஆளை மாற்றுங்கள்.

அவனை ஆபீசுக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதும் அவள் பொறுப்பாகவே ஆயிற்று. "அண்ணே, ஷெட்ல இருந்துக்கங்க. டயரு, சர்வீஸ் எல்லாம் நீங்கதான் பொறுப்பு. சம்பளம் அதேதான்" என்றாள். சொல்லும்போது அவள் கை மேஜைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. யூனுஸ் என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன். நான் ஓட்டின கடைசி வருஷங்களில் அவன்தான் எனக்கு ரெண்டாவது டிரைவர். நாக்பூர் வரைக்கும் ஒரே கேபினில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? ஒருத்தனுக்காக எல்லா வண்டியையும் நிறுத்த முடியுமா? நிறுத்தினால் அழகுபாண்டி எங்கே போவான், மற்றவர்கள் எங்கே போவார்கள்?

"மார்கழி முடியட்டும் தங்கச்சி" என்றான் யூனுஸ். "அதுக்குள்ள சரியாகலன்னா நானே சாவியக் குடுத்துர்றேன். ஆனா ஒண்ணு, தெனமும் ராத்திரி வீட்டுக்கு வார புருசன ஜெயினம்பு பாத்ததே இல்ல. ரெண்டு நாள்ல என்னயப் பழைய இரும்புக்குப் போட்டுருவா."

நாங்கள் சிரித்தோம். அவன் வெளியே போய்த் தன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தான். தட்ட வேண்டிய தேவையே இல்லை, அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்த வண்டி.

பிறகு அலறல் நின்றுவிட்டது.

ஒரு ட்ரிப் இல்லை, இரண்டு ட்ரிப் இல்லை, வரிசையாக எல்லா ட்ரிப்பும் சுத்தம். சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஸ்டார் மூன்றாகி, மார்கழி பாதியில் நான்காகிவிட்டது. இந்த வட்டாரத்தில் சின்ன டிரான்ஸ்போர்ட் யாருக்கும் நாலு ஸ்டார் இல்லை, பொங்கலுக்கு முன்னால் கூப்பிட்டு ஷீல்டு தருகிறோம் என்றார் பீமாராவ். தமிழ்ச்செல்வி நாலு மஞ்சள் ஸ்டாரை அச்சடித்து ஆபீஸ் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். "மாமியாளும் மருமகனும் ராசியாயிட்டாங்கப்போய்" என்று அழகுபாண்டி ஷெட் முழுக்க அல்வா கொடுத்தான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான். தின்றேன்.

வண்டியில் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்து, யாரும் கை வைக்காமல் ஒருநாள் தானாக நின்றுபோனால், சந்தோஷப்படுகிறவன் புது டிரைவர். பழைய டிரைவர் ஓரம் கட்டி இறங்கிப் பார்ப்பான். என்னவோ ஒன்று கழன்று விழுந்திருக்கும். கிட்டிப்புள் விளையாடிய வயதிலிருந்து ஏறாத இமை இந்த மார்கழியில் எப்படி ஏறியது?

"மருந்து ஏதாச்சும் போட்டயாடா?" என்று கேட்டேன்.

"ஜெயினம்பு துஆ செஞ்சாண்ணே" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

எனக்குச் சாமி மேல் நம்பிக்கை உண்டு, எல்லாச் சாமி மேலும் உண்டு. ஆனால் எந்தச் சாமியும் கம்ப்யூட்டரில் கை வைக்கும் என்று தோன்றவில்லை. மறுநாள் காலையில் ரிங் ரோடு குடோனுக்குப் போய், லோடு ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டும்போது, அவன் வண்டியில் ஏறி இடது பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்க எதுக்குண்ணே? இடுப்பு வலிக்கும்."

"என் இடுப்பு, என் வண்டி. நீ எடு."

தலையில் துண்டைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டியிருந்தான். மார்கழிக் குளிருக்கு என்று நினைத்தேன். யானைமலையில் பனி இன்னும் விலகவில்லை. ஒத்தக்கடை தாண்டும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. யூனுஸ் பேசாமல் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை சொல்லுகிறவன். இன்று ரோட்டையே பார்த்துக்கொண்டு, கழுத்தை இடது பக்கம் வெட்டி வெட்டித் திருப்பினான். கோழி பார்ப்பதுபோல இருந்தது. அடிக்கடி இடது தோளைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்னடா, கண்ணுல தண்ணியா வருது?"

"தூசிண்ணே."

ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது. சிட்டம்பட்டி டோலில் நுழையும்போது என் பக்கத்துக் கண்ணாடி அங்கே இருந்த இரும்புக் கம்பத்தில் உரசப் பார்த்தது, நான் உள்பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன். இவனா? கல்யாண வீட்டுச் சந்துக்குள் கட்டிலும் பீரோவும் ஏற்றிய லாரியைப் பின்பக்கமாகவே விட்டு வெளியே எடுத்தவன் இவன். மாமியா ஒன்றும் சொல்லவில்லை. அதன் மூலையில் பச்சை லைட் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மேலூர் தாண்டினோம். மழை நன்றாகப் பெய்த வருஷம், இரண்டு பக்கமும் வயல் பச்சையாகக் கிடந்தது. எனக்கு வயலைப் பார்க்க மனசில்லை. அவன் முகத்தின் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொட்டாம்பட்டிக்கு உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால், இடது பக்கத்து மண்பாதையிலிருந்து ஒரு பொம்பளை டிவிஎஸ்ஸில் வந்தாள். பின்னால் அகத்திக் கட்டு, அவள் தலைக்கு மேலே எழும்பி இருந்தது. எனக்கு அவள் வெகு தூரத்திலேயே தெரிந்துவிட்டாள். அவனுக்கும் தெரியும் என்றுதான் இருந்தேன். காலை எடுப்பான், இதோ எடுப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் எடுக்கவில்லை. அவள் ரோட்டில் ஏறிவிட்டாள்.

"யூனுஸு! எடது பக்கம்!"

மிதித்தான். பின்னால் இருந்த சோப்பு முழுக்க முன்னால் வந்து முதுகில் முட்டுவதுபோல இருந்தது. டயர் தேய்கிற நாற்றம் வந்தது. வண்டி நின்றபோது கண்ணாடிக்குக் கீழே அகத்திக் கீரையின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் தெரியவில்லை. நான் செத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கீரைக்கட்டு மெதுவாக நகர்ந்தது. அவள் ஒரு காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எளவெடுத்தவனே!" என்றாள். அதற்கு மேலும் சொன்னாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டோம். அப்போதுதான் மாமியா வாயைத் திறந்தது. ஒரே ஒரு 'டிங்'. பிரேக்கை வேகமாக அடித்ததற்காக.

ஓரம் கட்டினான். எதிரே ஒரு டீக்கடை. அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் வேர்த்து, துண்டு நெகிழ்ந்து மேலே ஏறியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். இமைக்கும் புருவத்துக்கும் நடுவில் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்டர். வேர்வையில் ஒரு முனை மட்டும் சுருண்டு எழும்பியிருந்தது. அதுதான் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, தண்ணீர் நிறைந்து நின்றது.

"இது என்னடா?"

அவன் சீட்டுக்குப் பின்னால் இருந்த டிபன் கேரியரை எடுத்து மேல் மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். மூடியின் உள்பக்கம் முழுக்க வெட்டிய பிளாஸ்டர் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பிறை மாதிரி எல்லாம் ஒரே அளவு, முனையெல்லாம் உருட்டி வெட்டியிருந்தது.

"ஜெயினம்பு வெட்டித் தருவா. முனைய உருட்டலன்னா கண்ணக் குத்தும்."

"மூட முடியுமாடா கண்ண?"

"முடியாதுண்ணே."

"இமைக்கக்கூட முடியாதா?"

"இமைச்சாத்தேன் அவ கத்துறாளே."

நான் கையை நீட்டி எழும்பியிருந்த முனையைப் பிடித்தேன். அவன் தலையைப் பின்னால் இழுத்தான். "அண்ணே, திருச்சி குடோன் கேட்டு வரைக்கும் இருக்கட்டும். பொங்கலுக்கு முன்ன ஷீல்டு தாராங்கல்ல, அதுவரைக்குமாச்சும்" என்றான். நான் கேட்கவில்லை. மெதுவாகத்தான் உரித்தேன், இருந்தும் அவன் பல்லைக் கடித்தான். இமை பாதிக்கு இறங்கி நின்றது. பல நாளாக அவனைப் பார்க்காமல் இருந்துவிட்டு அன்றுதான் பார்த்தது போல இருந்தது எனக்கு. கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அது பிளாஸ்டரால் வந்த தண்ணீரா வேறா என்று நான் கேட்கவில்லை.

கீழே இறங்கித் தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏத்தா, இருக்கயா?"

"இருக்கேன் மாமா. அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"ஆகல. ஒனக்கு இது தெரியுமா?"

ஆபீஸ் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"ஜெயினம்பு அக்கா என்கிட்ட கேட்டாங்க மாமா, இப்படி ஒட்டிப் பாக்கலாமான்னு. நான் ஒட்டுங்கன்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "வேணாம்னும் சொல்லல."

அவளை வைய வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அன்று ஆபீசில் அவன் என்னைப் பார்த்தபோது நான் காலண்டரைப் பார்த்தேனே. வையவில்லை.

"உரிச்சுட்டேன்" என்றேன். "இப்புடியே ஓட்டச் சொல்லப்போறேன்."

"அலாரம் அடிக்கும் மாமா."

"அடிக்கட்டும்."

"ஸ்டார் போயிரும். லோடும்..."

"அந்த பீமாராவ் சார திருச்சி குடோனுக்கு வரச் சொல்லு. இந்த வண்டில ஏறி எனக்குப் பக்கத்துல உக்காரட்டும். பிளாஸ்டர் போட்டு ஒரு மைலு, போடாம ஒரு மைலு ஓட்டச் சொல்றேன். எதுல அவருக்கு ஒண்ணுக்கு வருதுன்னு அவரே சொல்லட்டும்."

"அவரு வர மாட்டாரு மாமா."

"வார வரைக்கும் குடோன் கேட்டுல வண்டியக் குறுக்க போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"கேட்ட மறிச்சா அதுக்கும் ஒரு ஸ்டார் போகும்."

"இருக்கது நாலுதேன?"

அவள் சிரித்தாளா அழுதாளா, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "நான் அவர்ட்ட பேசுறேன். அந்தப் பிளாஸ்டரு விஷயத்த நானே சொல்லிர்றேன் மாமா. யூனுஸ் அண்ணனக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லுங்க. மெதுவா வாங்க" என்றாள்.

டீக்கடையில் தண்ணீர் வாங்கி அவன் கண்ணைக் கழுவச் சொன்னேன். பெஞ்சில் படுக்க வைத்து ஈரத்துண்டைக் கண்மேல் போட்டேன். டீ மாஸ்டர், வண்டி என்ன பிரேக் டவுனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெயில் நன்றாக ஏறியபின் அவன் எழுந்தான். சிவப்பு குறைந்திருந்தது. கண்ணை நன்றாக மூடி மூடித் திறந்தான். கூண்டைத் திறந்துவிட்ட குருவி மாதிரி அந்த இமை அடித்துக்கொண்டது.

"வலது கண்ணப் பொத்து. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தான். "உரம், பூச்சி மருந்து, விதை நெல் கிடைக்கும். கீழ சின்ன எழுத்துல, கடன் கேட்காதீர்."

அவன் சரியாகப் படித்தானா தப்பாகப் படித்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? டீ மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரியாத்தேன் சொல்றாரு" என்றார் அவர். "கடன் கேட்காதீர்ங்கிறது நான் இவ்வளவு நாளும் பாக்கவே இல்லியே."

ஏறினோம். யூனுஸ் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். கண்ணாடியைச் சரி பண்ணினான், என் பக்கத்துக் கண்ணாடியையும் பண்ணச் சொன்னான். வண்டி கொட்டாம்பட்டியைத் தாண்டி வேகம் எடுத்ததும் மாமியா முழித்துக்கொண்டாள். கீச்சுக்கீச்சென்று அலறல். சிவப்பு லைட் அவன் முகத்தில் விட்டுவிட்டு விழுந்தது. பக்கத்தில் போன டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எடது பக்கம் ஆட்டு மந்த வருதுண்ணே, நாய் ஒண்ணு முன்னால ஓடியாருது" என்றான் யூனுஸ். காலை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஆடு தெரிந்தது, நாய் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனபின்தான் தெரிந்தது. பெண்பிள்ளை இங்கிலீசில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் அந்த நாயைப் பற்றி ஒரு கதை சொல்ல ஆரம்பித்தான். அலறலுக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னான்.

டிபன் கேரியர் மூடி என் மடியில் இருந்தது. உரித்த பிளாஸ்டர் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது. எடுத்துப் பார்த்தேன். அதில் அவனுடைய இமைமுடி சில ஒட்டியிருந்தன. அதில் ஒன்று நரைத்திருந்தது.